தீஃப் வரிசை: 2014-ஐ வாங்குவதா, பழசிலேயே இறங்குவதா?

கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் தள்ளுபடி போடும்போதெல்லாம் 2014-இல் வந்த ‘தீஃப்’ அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். அந்த வரிசையின் முக்கியமான நான்கு கேம்களில் பார்வைக்குப் பளபளப்பானது அதுதான். கன்ட்ரோலரைச் செருகியதும் மறுபேச்சில்லாமல் வேலை செய்வதும் அதுதான். பெயருக்குப் பின்னால் 4 என்ற எண்கூட இல்லாததால், முன்கதை தெரியாமலேயே நுழைந்துவிடலாம் என்று தோன்றும். ஸ்டெல்த், அதாவது ஒளிந்து மறைந்து ஆடும் கேம் பிடித்த ஒருவர், “தீஃப் ஆடாம என்ன ஸ்டெல்த்து?” என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தால், நேராக அதில்தான் போய் விழுவார், இரண்டு சாப்டர் ஆடுவார், “இதுக்கா இவ்வளவு பில்டப்பு?” என்று அன்இன்ஸ்டால் செய்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அவர்மேல் தப்பே இல்லை.

அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம். ‘தீஃப் 2: தி மெட்டல் ஏஜ்’ எடுத்து ஆரம்பியுங்கள். பிடித்தால் முதல் பாகம், அப்புறம் மூன்றாவது. 2014-ஐ எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் செட்டிங்கில் கை வைத்துவிட்டு ஆடுங்கள். காசே செலவழிக்க மாட்டேன் என்றால் ரசிகர்கள் செய்த ‘தி டார்க் மோட்’ இருக்கிறது, இலவசம், கொஞ்சம்கூட மட்டமில்லை.

ஏன் இந்த வரிசை என்று புரிய, முதல் பாகம் என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். ‘தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்’ 1998 கடைசியில் லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸிடமிருந்து வந்தது. ஹாஃப்-லைஃப் என்ற பிரபல துப்பாக்கி கேம் வந்ததும் கிட்டத்தட்ட அதே வாரங்களில்தான். முதல்-ஆள் பார்வை என்றாலே கையில் துப்பாக்கி என்றிருந்த நேரத்தில், இதில் கேரெட் என்ற திருடன் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இடுப்பில் வாள் உண்டு, ஆனால் ஒரு காவலாளியைச் சமாளிப்பதற்குள்ளேயே நாக்குத் தள்ளிவிடும், இரண்டு பேர் வந்தால் சோலி முடிந்தது. திரையின் அடியில் ஒரு ரத்தினக்கல் இருக்கும். நீங்கள் வெளிச்சத்தில் நின்றால் அது ஒளிரும், இருட்டில் நின்றால் அணையும். மறைந்திருக்கிறோமா என்பதற்கு வேறு மீட்டர், அம்புக்குறி எதுவும் கிடையாது.

எல்லோரும் இந்த வெளிச்ச விஷயத்தைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் தீஃப் என்பது காதால் ஆடுகிற கேம். முதல் மிஷனில் பாஃபர்ட் பிரபுவின் மாளிகைக்குள் செங்கோல் திருடப் போகிறோம். வாசலில் காவல், அதனால் பக்கவாட்டில் தண்ணீர் வழியாக இறங்கி அடித்தளத்தில் ஏற வேண்டும். மேலே வந்தால் கம்பளம் விரித்த நடை, பூனை மாதிரி போகலாம். கம்பளம் முடிந்து கல் தரை ஆரம்பிக்கும் இடத்தில் ஓர் அடி அவசரமாக வைத்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அடுத்த அறையில் சீட்டியடித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு “யாரது?” என்பான். அந்த சீட்டி நின்றதுதான் உங்களுக்கான எச்சரிக்கை. பாசி அம்பு ஒன்று இருந்தால் அந்தத் தரையில் எய்து பச்சை விரிப்பைப் போட்டு அதன்மேல் நடக்கலாம், தண்ணீர் அம்பால் தீப்பந்தத்தை அணைக்கலாம். இதெல்லாம் சும்மா அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. லெவலை உருவாக்கியவர்கள் அதை அறை அறையாகப் பிரித்து, சத்தம் சுவரைத் துளைத்துக்கொண்டு நேராக வராமல் வாசல்களின் வழியே வளைந்து வருகிற மாதிரி அமைத்திருந்தார்கள். உங்கள் காதுக்குச் சத்தம் வரும் வழியேதான் காவலாளியின் காதுக்கும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால்கூட எத்தனை பேர், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கரடிச் சண்டை பார்க்கப் போகலாமா என்று அந்த மாளிகை வாசலில் இரண்டு காவலாளிகள் பேசிக்கொள்வது ரசிகர்களுக்கு இன்றும் மனப்பாடம்.

இன்னொன்று கயிற்றம்பு. இந்த நான்கு கேம்களையும் ஒப்பிட எனக்கு இதுவே அளவுகோல். மரத்தில் எங்கே எய்தாலும் குத்திக்கொண்டு கயிறு தொங்கும். உத்தரம், கூரைச் சட்டம், பலகைத் தளம், எங்கே வேண்டுமானாலும். ஏறலாம், அதிலிருந்து தாவலாம், மேலே போனதும் அம்பைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். மிஷனை வடிவமைத்தவர் நினைத்தே பார்க்காத ஜன்னலுக்குள் நீங்கள் நுழையலாம், கேம் அதைத் தடுக்காது. எங்கே மரம் இருக்கிறது என்று அண்ணாந்து பார்க்கிற பழக்கம் ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். வரைபடமும் அப்படித்தான், கேரெட் கையால் கிறுக்கியது, பாதி அறைகளில் கேள்விக்குறி, சில மிஷன்களில் உங்கள் இடத்தைக்கூட உருப்படியாகக் காட்டாது. வழி கண்டுபிடிப்பது உங்கள் பாடு.

அப்படியானால் முதல் பாகத்திலிருந்தே ஆரம்பிக்கலாமே? ஆரம்பிக்கலாம்தான். ஆனால் அதில் பாதி கேம் திருட்டே இல்லை. இரண்டாவது மிஷனிலேயே, சிறைக்குப் போகும் வழியில் சுரங்கத்துக்குள் பிணங்கள் எழுந்து நடக்கின்றன. மூன்றாவதில் முழுக்கவே கல்லறைப் பாதாளம். கடைசிப் பக்கம் போகும்போது பேய் பிடித்த தேவாலயம். இந்தத் திகில் பிடித்தவர்களுக்கு இதற்கு இணையே கிடையாது, குறிப்பாக அந்தத் தேவாலயம் இன்றைக்கும் தனியாக ராத்திரி ஆட முடியாத இடம். ஆனால் ‘மாளிகை, பணப்பெட்டி, தூங்கும் பிரபு’ என்று எதிர்பார்த்து வருகிறவர் கல்லறையில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறார், நிறைய பேருக்கு இப்படி ஆகிறது. இப்போது கடைகளில் கிடைப்பது 1999-இல் வந்த ‘தீஃப் கோல்டு’ பதிப்பு, 12 மிஷனோடு இன்னும் 3 சேர்த்து மொத்தம் 15. சேர்த்ததில் ‘திருடர் சங்கம்’ மிஷன் சாக்கடைக்குள் சுற்றிச் சுற்றி ஆளைக் கொல்லும். அதில் மாட்டினால் வெட்கப்படாமல் வழிகாட்டியைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

தீஃப் 2 இந்தக் குறையைத்தான் சரிசெய்தது. மார்ச் 2000. பிணங்கள் கிட்டத்தட்டக் காணோம். கிடங்கு, காவல் நிலையம், வங்கி, பிரபுக்களின் மாளிகை என்று 15 மிஷன், முக்கால்வாசி நல்ல பழைய திருட்டு. இயந்திரங்களை வழிபடும் மெக்கானிஸ்டுகள் என்ற கூட்டம் ஊருக்குள் வந்துவிட்டதால் சுவரில் சுழலும் இயந்திரக் கண்கள், உலோகத் தரைகள் எல்லாம் இருக்கின்றன. உலோகத் தரையில் நடப்பது நரகம், சொல்லிவிட்டேன். கயிற்றம்போடு கூடவே கொடி அம்பு என்று ஒன்று, இரும்புக் கிராதியில்கூடப் பிடித்துக்கொள்ளும். ஒரே மாளிகைக்கு இரண்டு முறை போகிற மிஷன் ஜோடி ஒன்று உண்டு, முதல் முறை நோட்டம் விட மட்டும், அடுத்த முறை அள்ளிக்கொண்டு வர. முதல் தடவை நல்ல கவனமாகப் பார்த்தவருக்கு இரண்டாவது தடவை சொந்த வீட்டில் நடக்கிற மாதிரி இருக்கும்.

அப்புறம் ‘லைஃப் ஆஃப் தி பார்ட்டி’. நகரத்தின் கூரைகள்மேலேயே நடந்து ஒரு கோபுரத்தில் நடக்கும் விருந்துக்குள் நுழைந்து, அதே கூரைகள் வழியாகத் திரும்ப வர வேண்டும். போகிற வழியில் எந்த ஜன்னலுக்குள்ளும் தலையை நீட்டலாம், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிக் கதை. எதையும் பார்க்காமலும் போகலாம், கேம் உங்களைக் கூப்பிட்டுக் காட்டாது. 26 வருடத்துக்கு முந்தைய லெவல் இது, லோடிங் ஒரு இடத்தில்கூட இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 2014-க்கு வரும்போது தேவைப்படும்.

தீஃப் 2-இல் குறையே இல்லையா என்றால், கடைசி மிஷன் அநியாயத்துக்கு நீளம், முழுக்க இயந்திரங்கள், திருட ஒன்றும் இல்லை. முதல் பாகத்தின் முடிவும் இதில் தெரிந்துவிடும், கேரெட்டின் ஒரு கண் ஏன் இயந்திரம் என்பது உட்பட. கதைக்காக ஆடுகிறவர் என்றால் கோல்டிலேயே தொடங்குவது நியாயம். கதை இரண்டாம்பட்சம் என்றால் கவலைப்படாதீர்கள். இந்தக் கேம் வந்து இரண்டே மாதத்தில், மே 2000-இல், லுக்கிங் கிளாஸ் மூடப்பட்டது. அதோடு வரிசையின் மூலக் கை போய்விட்டது.

பழசின் தோற்றம் பற்றி ஒளிக்க ஒன்றுமில்லை. மனிதர்களின் முகங்கள் தச்சன் பாதியில் விட்டுப்போன மரப்பாச்சி மாதிரி இருக்கும். ஆனால் இருட்டுதான் கேமின் பாதி என்பதால், கண் சீக்கிரம் பழகிவிடும். அதைவிட நடைமுறைச் சிக்கல், வாங்கினவுடன் அப்படியே ஓட்டினால் இன்றைய கணினியில் மக்கர் செய்யலாம். 2012-இல் யாரென்றே தெரியாத ஒருவர் ‘நியூடார்க்’ என்ற பேட்சை, அதாவது கேமைச் சரிசெய்யும் கோப்பை, வெளியிட்டார். அகலத்திரை, புது கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றிலும் இந்த இரண்டு கேம்களும் உயிர்பிழைத்து நிற்பது அதனால்தான். கோல்டுக்கு ‘டிஃபிக்ஸ்’, தீஃப் 2-க்கு ‘டி2ஃபிக்ஸ்’ என்று அதையே மூட்டை கட்டித் தருகிறார்கள். கேமை நிறுவியதும் முதல் வேலை அதைப் போடுவது. போட்டுவிட்டால் ரசிகர்கள் செய்த மிஷன்களும் திறந்துகொள்ளும், 2005-இல் வந்த ‘தீஃப் 2 எக்ஸ்’ 13 மிஷன் கொண்ட முழுக் கதை, 2023 டிசம்பரில் முதல் பாகத்தின் 25-ஆம் ஆண்டுக்கு வந்த ‘தி பிளாக் பரேட்’ 10 மிஷன். பின்னது பல கட்டணக் கேம்களை வெட்கப்பட வைக்கும் தரம். ஆக ஒரு பழைய கேமின் விலைக்கு வருடக்கணக்கில் ஆட்டம்.

மூன்றாவது, ‘டெட்லி ஷாடோஸ்’, 2004. அயன் ஸ்டார்மின் ஆஸ்டின் கிளை செய்தது. ‘இது தீஃபே இல்லை’ என்ற புலம்பல் உண்மையில் இங்கேதான் ஆரம்பித்தது, 2014-இல் இல்லை. எக்ஸ்பாக்ஸிலும் ஓட வேண்டும் என்பதால் லெவல்கள் சின்னதாகி, நடுவில் நீலப் புகை மாதிரி ஒரு வாசல், அதைத் தாண்டினால் லோடிங். நீந்த முடியாது, தண்ணீரில் விழுந்தால் சாவு. வாள் போய்க் குத்துவாள். கயிற்றம்பு? எடுத்தே விட்டார்கள். பதிலுக்குக் கல் சுவரில் ஒட்டி ஏறும் கையுறை, அதைப் போட்டுக்கொண்டு ஏறுவதைவிட ஏறாமலே இருக்கலாம்.

ஆனாலும் இது ஆட வேண்டிய கேம். காவலாளி கையில் பந்தத்தோடு நடந்தால் மேஜை நாற்காலியின் நிழல்கள் எல்லாம் கூடவே சுவரில் நகரும், உங்கள் மறைவிடமும் சேர்ந்து நகரும். 2004-க்கு அது பெரிய விஷயம். கேரெட்டின் குரலாக ஸ்டீஃபன் ரஸலே தொடர்கிறார், கதையும் மூன்று பாகத்தையும் ஒழுங்காக முடித்துவைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் ‘ஷேல்பிரிட்ஜ் கிரேடில்’ இருக்கிறது. ஒரு காலத்தில் அநாதை இல்லமாகவும் மனநோய் விடுதியாகவும் ஒரே நேரத்தில் நடத்தப்பட்ட கட்டடம். முதல் பாதி முழுக்க உள்ளே யாருமே இல்லை. ஒருவரும் இல்லை. வெறும் சத்தங்கள், எங்கோ மேல்மாடியில் ஏதோ மோதுகிறது, நீங்கள் ஒவ்வொரு கதவையும் திறக்கக் கூசுகிறீர்கள். கேம்களில் வந்த திகில் லெவல்களைப் பற்றி எந்தப் பேச்சு வந்தாலும் இதன் பெயர் வராமல் இருக்காது. ‘ஸ்னீக்கி அப்கிரேட்’ என்ற ரசிகர் பேட்ச் இன்றைய திரைகளுக்கு இதைச் சரியாக்குகிறது, வெட்டிய லெவல்களை மறுபடி ஒட்டவைக்கும் தனி மோடும் (ரசிகர்கள் செய்த மாற்றம்) உண்டு. ஏமாற்றம் என்று வந்தது நல்லபடியாக மூப்படைந்திருக்கிறது.

சரி, 2014. ஐடோஸ் மொன்ட்ரியால் செய்து ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்டது. 2009-இல் அறிவித்து, பிப்ரவரி 2014-இல்தான் வந்தது. இதே ஸ்டூடியோ நடுவில் 2011-இல் ‘டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்’ என்று இன்னொரு பழைய வரிசையை அழகாக எழுப்பிக் காட்டியிருந்ததால் எதிர்பார்ப்பு எக்கச்சக்கம். வெளியீட்டுக்கு முன்பே சறுக்கல் ஆரம்பித்துவிட்டது. தலையில் அம்பு எய்து கொன்றால் அனுபவப் புள்ளி கிடைக்கும் என்று காட்டினார்கள், எக்ஸ்பர்ட் என்ற கடின நிலையில் பெரும்பாலும் ஒரு மனிதரைக்கூடக் கொல்ல விடாத வரிசையில் இது வந்ததும் ரசிகர்கள் கொதித்தார்கள், அந்த முறையையே நீக்கிவிட்டார்கள். கேரெட்டின் குரலையும் மாற்றினார்கள். விசித்திரம் என்னவென்றால் ரஸலின் குரலை 2016-இல் ‘டிஸ்ஹானர்டு 2’ என்ற ஸ்டெல்த் கேம் எடுத்துக்கொண்டது, அதன் நாயகன் கோர்வோ பேசும்போது பழைய கேரெட் காதில் விழுவான்.

ஆனால் இதெல்லாம் மன்னிக்கக்கூடியது. மன்னிக்க முடியாதது உள்ளே இருக்கிறது. தாவும் பட்டனே இல்லை, கேம் அனுமதித்த விளிம்பில் மட்டும் கேரெட் தானாகத் தாவுவான், இடுப்பளவு பெட்டிமேல் ஏறுவதும் அவன் மனசு வைத்தால்தான். கயிற்றம்பு திரும்பி வந்திருக்கிறது, ஆனால் கயிறு சுற்றிக் குறியிட்ட உத்தரங்களில் மட்டுமே பிடிக்கும். பக்கத்திலேயே இன்னொரு மரச்சட்டம் இருக்கும், எய்தால் ஒன்றும் நடக்காது. அதற்குப் பெயர் கயிற்றம்பா, சாவியா? எங்கே ஏற வேண்டும் என்று கேமே முடிவு செய்துவிட்டு, உங்களைப் பட்டன் அழுத்த மட்டும் கூப்பிடுகிறது. போதாததற்கு ஃபோக்கஸ் என்ற சக்தி, அழுத்தினால் திருடத்தக்கது, ஏறத்தக்கது எல்லாம் நீல நிறத்தில் மின்னும்.

நகரமும் துண்டு துண்டு. ஒரு தெருவிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஜன்னலைக் கடப்பாரையால் நெம்ப வேண்டும், பட்டனை டப் டப் என்று அடித்துக்கொண்டே. அல்லது இடுக்கில் பலகையைத் தூக்கிக்கொண்டு நுழைய வேண்டும். பின்னால் லோடிங் நடப்பதை மறைக்கும் ஏற்பாடு அது. முதல் தடவை ரசிக்கலாம், பத்தாவது தடவை ஜன்னலையே வெறுத்துவிடுவீர்கள். லைஃப் ஆஃப் தி பார்ட்டியின் கூரைகளை நினைத்தால் வயிறு எரியும்.

இருப்பதிலேயே பெரிய அடி சத்தத்தில். மேல்மாடியில் இருப்பவன் பேசுவது காதோரம் கேட்கும், எதிரில் நிற்பவன் பேச்சு மங்கிப்போகும், தெருவில் இருவர் ஒரே உரையாடலை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள், சில சமயம் ஒன்றன்மேல் ஒன்றாக. பேட்ச் வந்து ஓரளவு குறைந்தது, தீரவில்லை. காதால் ஆட வேண்டிய கேமில் காதை நம்ப முடியாவிட்டால் மிச்சம் என்ன?

நியாயமாகச் சொன்னால், மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. கைகளை இவ்வளவு நன்றாகச் செய்த கேம் குறைவு, கேரெட்டின் விரல்கள் ஓவியச் சட்டத்தின் ஓரத்தைத் தடவி ரகசியப் பொத்தானைத் தேடுவதும், மேஜையிலிருந்து ஒரு கிண்ணத்தைச் சுருட்டுவதும் தனி சுகம். கதை ‘பிரைமல்’ என்ற மாயச் சக்தி, புரட்சி, காணாமல் போன தோழி எரின் என்று எங்கெங்கோ போய்த் தேங்குகிறது, ஆனால் திருட்டு வேலை பிடித்துத் தரும் தரகர் பாஸோ தருகிற சின்ன வேலைகளில், ஒரு வீடு ஒரு நகை என்று போகும்போது, பழைய வாசனை அடிக்கிறது. ஐந்தாவது சாப்டரின் மனநோய் விடுதி கிரேடிலுக்கு வைத்த வணக்கம், பாதி தேறும். தனியாக விற்ற வங்கிக் கொள்ளை மிஷன் மொத்தக் கேமிலும் சிறந்த ஒன்று.

‘டிஸ்ஹானர்டு’ (2012) ஆடினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அருமையான கேம், கூரைகளில் மனம்போன பக்கம் போகிற பழைய சுதந்திரம் 2014-ஐவிட அதில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே நிழலில் நின்றால் மட்டும் மறைந்துவிட முடியாது, பார்வைக்கு வெளியே இருக்க வேண்டும். கையில் மாயவித்தைகளும் ஏராளம் என்பதால் பயம் வராது. வேறு ருசி.

இருட்டும் பயமும் வேண்டும், தோற்றமும் சுமாராக இருக்க வேண்டும் என்றால் டார்க் மோட். 2009-இல் ‘டூம் 3’ என்ற கேமின் மோடாக வந்து, 2013-இல் இருந்து தனியாகவே ஓடுகிறது. கேரெட் இல்லை, பெயர்கள் எல்லாம் வேறு, ஆனால் கயிற்றம்பு எந்த மரத்திலும் குத்தும். பூட்டைத் திறப்பதும் காதால்தான், கிளிக் கிளிக் என்று வரும் தாளத்தில் சரியான இடைவெளியில் கையை எடுக்க வேண்டும். ரசிகர்கள் செய்த மிஷன்கள் நூற்றுக்கு மேல், கேமுக்குள்ளிருந்தே இறக்கிக்கொள்ளலாம். ஒரே தொடர்கதை வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது.

ஏற்கெனவே 2014-ஐ வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டியதில்லை. கடினத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கஸ்டம் போய் ஃபோக்கஸை நிறுத்துங்கள், கொல்வதையும் தடுத்துவிடுங்கள். திரையில் மிதக்கும் இலக்குக் குறி, பொருட்களின் மினுக்கல் இரண்டையும் அணையுங்கள். பிரதானக் கதையில் முதல் இரண்டு மூன்று சாப்டரை முடித்துவிட்டு ஊருக்குள் சின்ன வேலைகளில் சுற்றுங்கள், வங்கி மிஷன் உங்கள் பதிப்போடு வந்திருந்தால் அதை ஆடுங்கள், ஐந்தாவது சாப்டர் வரை தள்ளிக்கொண்டு போய் விடுதியைப் பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு கதை உங்களைப் பிடித்து வைத்திருந்தால் முடியுங்கள், இல்லையென்றால் தீஃப் 2-ஐ இறக்கி, டி2ஃபிக்ஸைப் போட்டுவிட்டு, ஹெட்போனை எடுத்து மாட்டுங்கள்.